பதினாறாவது பதக்கம்

டேப்புக்காரர் இறந்து மூன்று வாரம் கழித்து வாலிபால் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. அவர் பெயருக்கு முன்னால் ‘பணிவின் சிகரம்’ என்று அச்சடித்திருந்தார்கள். பதினொரு வருடத்துக்கு முன் கோப்பை வென்றபோது தனக்கு வந்த பதக்கத்தை அவர் தன்னடக்கத்தால் வேண்டாம் என்றுவிட்டாராம். கிளப் அதைக் கண்போலக் காத்து வந்ததாம். நினைவுக் கூட்டத்தில் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப் போகிறார்களாம்.

மகள் இரண்டு முறை படித்தாள். அவள் வேலை லிஃப்டுகளைச் சோதிப்பது. எடையை ஏற்றி, தாங்குகிறதா என்று பார்த்து, தாங்கினால் சான்றிதழ் கொடுப்பாள். பார்க்காமலேயே நிரப்பிய சோதனைத் தாளைக் கண்டால் அவள் உதடு ஒரு பக்கமாகச் சுளிக்கும். இப்போதும் சுளித்தது.

“வாங்கிப்போமே,” என்றாள் அம்மா. “முப்பது வருஷம் அவனுங்க காலோட மல்லுக்கட்டினாரு. ஒரு மரியாதை வேண்டாமா?”

மல்லுக்கட்டினார் என்பது உண்மை. பகலில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு அறை, சாயங்காலம் கிளப். ஆட்டக்காரர்களின் கணுக்காலையும் முட்டியையும் டேப் சுற்றி இறுக்குவது அவர் வேலை. கத்தரிக்கோல் தொடமாட்டார், விரலாலேயே கிழிப்பார். சுற்றி முடித்ததும் இறுக்கமா என்று கேட்பார். பதிலைக் காதில் வாங்கமாட்டார். கால் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் எத்தனை விநாடியில் சிவக்கிறது என்று பார்ப்பார். ஆட்டக்காரனிடம் வலிக்கிறதா என்று கேட்பது குடிகாரனிடம் போதுமா என்று கேட்பது மாதிரி என்பார்.

அந்தக் கிளப்பின் கோச் இப்போது தலைவராகிவிட்டார். ஆட்டத்தைக் கவனித்ததைவிட, தன்னை யார் கவனிக்கிறார்கள் என்று பார்த்ததே அதிகம். ஆனால் ஒரு காரியம் செய்தார். ஆடுகிற பன்னிரண்டு பேருக்கு மட்டும் பதக்கம் போதாது, பின்னால் நிற்கிற நாலு பேருக்கும் வேண்டும் என்று சங்கத்தோடு சண்டை போட்டுப் பதினாறாக்கினார். நாலில் முதல் ஆள் கோச்சேதான் என்பது வேறு விஷயம். இருந்தாலும் கேட்டதில் நியாயம் இருந்தது. டேப் இல்லாமல் அந்தப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் பரிசு மேடைப் படி ஏறியிருக்க மாட்டார்கள்.

டேப்புக்காரர் பதினாறாவது பதக்கத்தை ஏன் தொடவில்லை என்பது மகளுக்குத் தெரியும். அவள் முதல் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, எதை வைத்துப் போட்டாய் என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். இறுதிப் போட்டியன்று அணியில் ஓங்கி அடிக்கும் நெட்டையனுக்கு வலது முட்டி வீங்கியிருந்தது. ஆடத் தகுதி என்ற தாளில் கையெழுத்துப் போட்டது இவர்தான். இரண்டு செட் தாங்கும் என்று கோச்சிடம் சொன்னார். மூன்றாவது செட் முடிந்து டேப்பை மாற்றும்போது முட்டி கைக்குள் நழுவியது. இனித் தாங்காது என்று தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை.

“ஜெயிக்கணும்னு எனக்கும் ஆசைம்மா,” என்றார். “அம்மாகிட்ட சொல்லிடாதே.”

ஐந்தாவது செட்டில் நெட்டையன் குதித்து அடித்தான், புள்ளி வந்தது, தரையில் இறங்கியபோது முட்டி போனது. கோச்சைத் தோளில் தூக்கினார்கள். நெட்டையனை டேப்புக்காரர் தூக்கினார். அதற்குப் பிறகு சாகும்வரை ஞாயிறு காலைகளில் நெட்டையன் வீட்டுக்குப் போய் அந்தக் காலை நீட்டி மடக்கிவிட்டு வந்தார். அம்மா அதை நட்பு என்று நினைத்திருந்தாள். கோச் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை.

பதக்கத்தை வாங்கினால் பொய்க்குக் கை நீட்டியதாகும். உண்மையைச் சொன்னால் அப்பாவின் பெயர் அம்மா முன்னாலேயே கெடும். மகள் முடிவெடுக்காமலே கூட்டத்துக்குப் போனாள்.

கிளப் அரங்கில் நாற்காலிக்கு உறை போட்டிருந்தார்கள். கோச் கழுத்தில் தன் பதக்கத்தோடு வந்து, முப்பத்தைந்து வயதுக்காரியைப் பாப்பா என்று கூப்பிட்டு முதுகில் தட்டினார். பிறகு மைக்கைப் பிடித்தார். பணிவு என்ற சொல்லை மகள் எண்ணினாள், ஒன்பது. அதில் நாலு அவருடைய சொந்தப் பணிவைப் பற்றியது. கடைசியில், பதக்கத்தை யார் கையால் கொடுத்தால் பொருத்தம் என்று தானே கேட்டு, தானே பதில் சொல்லி, நெட்டையனை மேடைக்கு அழைத்தார். நெட்டையன் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினான். நாலு படி. போட்டோக்காரர் காத்திருந்தார்.

மகளுக்கு அதுவரை கொஞ்சம் தயக்கம் இருந்தது. அவன் படியேறியதைப் பார்த்ததும் போய்விட்டது. மேடைக்குப் போய் மைக்கை வாங்கினாள்.

“அப்பா அடக்கத்தால வேண்டாம்னு சொல்லல,” என்றாள் மைக்கில். தகுதித் தாளைப் பற்றிச் சொன்னாள், மூன்றாவது செட்டைப் பற்றிச் சொன்னாள். அம்மா இருந்த வரிசையைப் பார்க்கவில்லை. “பின்னாடி நிக்கிற நாலு பேருக்கும் பதக்கத்துல பங்கு உண்டு. நான் ஒத்துக்கறேன். அப்போ இந்த முட்டியிலயும் நாலு பேருக்கும் பங்கு உண்டு. எங்கப்பா அவர் பங்கை எடுத்துக்கிட்டாரு. மத்த மூணு பங்கு எங்கன்னு தெரியல.”

கோச் குனிந்து, “இதெல்லாம் இங்க பேசணுமா, பாப்பா?” என்றார்.

“பதக்கத்தை இங்கதானே குடுக்கறீங்க.”

அவர் சிரித்தார். தேநீர் தயார் என்று அறிவித்தார்.

மகள் பதக்கப் பெட்டியைத் தொடாமல், இறங்கும்போது படிக்கட்டில் நெட்டையனுக்குக் கை கொடுத்தாள். கூட்டத்தில் இப்படிப் போட்டு உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டாள்.

“அவரு நிறுத்துன்னு சொல்லியிருந்தாலும் நான் உக்காந்திருக்க மாட்டேன்,” என்றான் அவன். இன்னொரு படி இறங்கினான். “ஆனா அவரு சொல்லல. நீங்க பேசினது சரிதான்.”

வீட்டில் அம்மா இரண்டு நாள் தனியாகப் போட்டுச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் ஒரே ஒரு வாக்கியம்: “அத்தனை பேரு முன்னாடி அவரை இறக்கிட்டியே.” அப்பா கேட்ட ஒரே ஒரு காரியத்தை மகள் மீறியிருந்தாள். அவருடைய சட்டைகள் இன்னும் கொடியில் இருந்தன. அவற்றை எடுக்கவும் கை வரவில்லை.

அடுத்த வாரம் கிளப்பின் மாத இதழ் வந்தது. நடுப்பக்கத்தில் படம்: கோச், பதக்கப் பெட்டி, அரைகுறையாக நெட்டையன். கீழே, ‘தந்தையின் வழியில் மகளும் பணிவோடு பதக்கத்தை மறுத்த நெகிழ்ச்சியான தருணம்.’

மகள் படித்துவிட்டு மேசையில் போட்டாள். திட்டக்கூடத் தோன்றவில்லை. சுவரிடம் பேசினாலாவது எதிரொலிக்கும்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஒரு தடவை. திரும்ப ஒரு தடவை.

“அவர் பண்ண தப்பு அவரோடது,” என்றாள். “அதையும் புடுங்கிக்கிட்டானுங்களா?”

இதழைத் தள்ளி வைத்துவிட்டு, தாளும் பேனாவும் எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தாள். மறுப்புக் கடிதம் என்றால் நீளமாக எழுதவேண்டாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று மகள் நாலு வரி எழுதினாள். தேதி, போட்டி, யார் கையெழுத்து, எந்தக் கால்.

“மூணாவது செட்டுன்னு போட்டியா?” என்றாள் அம்மா.

போட்டிருந்தாள்.