போர் போட்ட இடம்

ஏழாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒரு வியாதி பிடித்திருந்தது. யார் எதைச் சொன்னாலும், "அது எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். அறிவியல் டீச்சர் மூட்டிவிட்டது. அம்மாவிடம் தினம் நாலு திட்டாவது விழும். அடங்கினால்தானே!

கடற்கரையில் இருக்கும் மாரியூருக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். பாதி இடங்களில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். அம்மா தள்ளுவண்டியில் ஆறு குடங்களை அடுக்கிக்கொண்டு கண்மாய் ஊற்றுக்குப் போவாள். சிரட்டையால் மோந்து மோந்து நிரப்பி வர அரைநாள் ஓடிவிடும். சவுதியிலிருந்து லீவில் வந்த மாமாவுக்கு இது பொறுக்கவில்லை. திரும்பிப் போவதற்குள் அக்கா வீட்டில் ஒரு போர் போட்டுவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஒரே ஒரு துளைக்குத்தான் அவர் கையில் காசு இருந்தது.

போர் போடும் வண்டி வருகிற அன்று காலையில் நீரோட்டம் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக் கொல்லையைச் சுற்றி நடந்தார். மாட்டுக்கொட்டகை ஓரம் வந்ததும் தேங்காய் விருட்டென்று எழுந்து நின்றது. எனக்குப் புல்லரித்துப்போனது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"தாத்தா, கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு தடவ நடக்குறீகளா?"

மாமாவுக்கும் ஆசை வந்துவிட்டது. தன் துண்டாலேயே கட்டிவிட்டு, அவரை மூன்று சுற்று சுற்றிவிட்டார். இந்தத் தடவை தேங்காய் எழுந்து நின்ற இடம் கக்கூஸ் பக்கம். பெரியவர் துண்டை உருவி எறிந்தார்.

"அப்ப நீயே பாத்துச் சொல்லு தாயி!" என்று தேங்காயோடு நடையைக் கட்டினார்.

மாமா நிஜமாகவே என் பக்கம் திரும்பினார். "சொல்லுத்தா, எங்கன போடலாம்?"

ஜெயித்த மிதப்பில் கொல்லையை ஒரு நோட்டம் விட்டேன். சித்திரை வெயிலில் எல்லாம் கருகிக் கிடக்க, ஒற்றைக் கொய்யா மரம் மட்டும் பச்சைப்பசேலென்று நின்றது. "அடியில நல்ல தண்ணி இல்லாம இது எப்படி மாமா இம்புட்டுப் பச்சையா இருக்கும்?" என்றேன்.

"படிச்ச புள்ளன்னா படிச்ச புள்ளதான்!" மாமா பூரித்துப்போனார். அம்மா ஊற்றுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் வண்டிக்காரர்கள் கொய்யாவுக்குப் பக்கத்தில் துளை போட்டு முடித்துவிட்டார்கள்.

தண்ணீர் பீறிட்டு வந்தது. மாமா ஆசையாகக் கையில் ஏந்தி வாயில் விட்டார். தூவென்று துப்பிவிட்டு, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். கடல் தண்ணீரே தேவலையாம்.

அம்மா குடங்களோடு வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும் மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பாத்திரம் கழுவுன தண்ணி, அரிசி களைஞ்ச தண்ணி எல்லாத்தையும் நாந்தாண்டி அதுக்கு ஊத்துறேன். ஊருல உள்ளவுகளையெல்லாம் கேள்வி கேக்குற. என்னைய ஒரு வார்த்த கேட்டியாடி?"

பக்கத்தில் துளை போட்டதில் மரத்துக்கு என்னமோ ஆகிவிடும் என்றுதான் அவளுக்குக் கோபம் என நினைத்துக்கொண்டேன். மாமா சவுதிக்குப் போன பிறகும் அம்மா தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இருந்தாள். நானோ, தேங்காய்க்காரரை மடக்கிய கதையைப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதில் கொய்யா மரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.