மல்சூனின் சிவப்புப் பத்து

என் ஓரகத்தி மல்சூனுக்கு இரண்டு பேர் திருட்டுப் பட்டம் கட்டினார்கள். இரண்டு தடவையும் ஒரே காசுதான் காரணம். அந்த இரண்டு பேரும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

அவள் ஐந்தாவது பெண். 'இதுவே கடைசி' என்று வேண்டிக்கொண்டு வைத்த பேர் மல்சூன். பேர் பலிக்கவில்லை, ஆறாவதும் பெண்ணாகவே பிறந்தது. பத்தொன்பது வயதில் தேகு நகரப் பஸ்ஸில் கண்டக்டராக ஏறினாள். அப்போது எங்கள் கொரியாவில் அது பெண்கள் வேலை. படியில் தொங்கியபடி பஸ்ஸைத் தட்டி "ரைட்!" என்று அவள் கத்தினால் தெருக்கோடிக்குக் கேட்கும்.

ஒருநாள் புதுப் பத்து வோன் காசு ஒன்று டிக்கெட் காசுப் பையில் விழுந்தது. செக்கச்செவேல் என்றிருந்ததில் ஆசைப்பட்டு, தன் சொந்தப் பத்தைப் பையில் போட்டுவிட்டு அதை எடுத்துக் காலுறைக்குள் வைத்துக்கொண்டாள். வேலை முடிந்தால் பெண்களைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். மேற்பார்வைக்காரி காசைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கம்பெனிக் காசையா திருடுற? அவுத்துப் போடுடி எல்லாத்தையும்!"

உள்பாவாடை வரை உதற வைத்தாள். பிறகு பையை எண்ணினால் கணக்குச் சரியாக இருக்கிறது. மன்னிப்பா கேட்டாள்? "சரி, போ" என்றாளாம். அந்தக் காசை மல்சூன் செலவழிக்கவே இல்லை. என் கொழுந்தன் சங்குவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோதும் முந்திக்கொண்டு வந்தது அதுதான்.

கொழுந்தன் போய்ச்சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து அவளுக்குப் பல் கட்ட வேண்டியிருந்தது. என் மருமகள் மீரான் போனில் பார்த்து, "சின்னத்தை, எழுபதாம் வருஷத்துச் சிவப்புப் பத்துக்கு இப்ப நல்ல கிராக்கி" என்றாள். விற்பதற்காக அவள் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுவதற்கு முன் மல்சூன் ஒரு காரியம் செய்தாள். திவசத்துக்கு வெண்கலக் கிண்ணம் துலக்குவதுபோல ஓட்டுத்தூளும் வைக்கோலும் வைத்துக் காசைப் பளபளவென்று தேய்த்துவிட்டாள். அழுக்கோடு ஒன்றை நாலு பேர் முன்னால் வைக்க எங்கள் வீட்டுப் பெண்களுக்குக் கை வராது. பழங்காசைத் தேய்க்கக் கூடாது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

படத்துக்குக் கீழே குவாக் எழுதினான். எங்கள் சந்தையில் பழங்காசு வாங்கி விற்கும் கடை வைத்திருப்பவன்தான். 'இது மஞ்சள் காசு. நெருப்பில் வாட்டிச் சிவப்பாக்கியிருக்கிறார்கள். கிழவி மோசடிக்காரி. யாரும் ஏமாறாதீர்கள்.' ஊருக்கே இப்படி எழுதிவிட்டு, மருமகளுக்குத் தனியாக, 'வேண்டுமானால் ஏதோ ஒரு விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்' என்று அனுப்பியிருந்தான். வாட்டிய காசு இவனுக்கு எதற்காம்?

மல்சூன் மேல்கோட்டை மாட்டினாள். "அக்கா, கெளம்புங்க."

கடையில் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, அந்த மோசடிக்காரி நான்தான்."

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. படத்தப் பாத்துச் சொன்னேன். பழைய காசுல இவ்வளவு பளபளப்பு எப்படி வரும்?"

"தேச்சா வரும். உன் தலைக்கு எப்படி வந்துச்சு?"

காப்பி குடித்தவர்களில் ஒருவருக்குப் புரையேறியது.

மீரான் எங்களுக்குப் படித்துச் சொல்லியிருந்தாள். அதே வருஷம் மஞ்சளும் அடித்தார்கள், சிவப்பும் அடித்தார்கள். சிவப்பில் செம்பு கூட, அதனால் கனமும் கொஞ்சம் கூட.

"நெருப்பு நெறத்த மாத்தும். எடைய மாத்துமா? தராச எடு" என்றாள் மல்சூன்.

நாலு பேர் பார்க்கிறார்களே, அவனால் மறுக்க முடியவில்லை. நகைத் தராசில் அவன் கடை மஞ்சள் காசை வைத்தான். பிறகு இவளுடையதை வைத்தான். இவளுடையதுதான் கனம். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

"அசல்தான்..." என்று முனகினான்.

"கிழவிக்குக் காது கேக்கல."

"அசல்தாம்மா! ஆனா இப்படித் தேச்சுக் கெடுத்துட்டீங்களே, பாதி வெல கூடப் போகாது. பரவால்ல, நானே எடுத்துக்..."

"வெலையக் கேக்க வரல. எங்க எழுதுனியோ அங்கயே எழுது. அதே வெரலால."

'அசல் காசு' என்று எழுதினான். "போதுமா?"

"போதாது. தேச்சிருக்குன்னும் போடு. அது நான் செஞ்சது, வாங்குறவனுக்குத் தெரியணும். அப்புறம், 'மோசடின்னு நான் சொன்னது பொய்'னு போடு. அது நீ செஞ்சது."

விரல் அந்தரத்தில் நின்றது. மல்சூன் அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவசரமில்ல. எனக்கு வீட்டுல ஆள் இல்ல."

எழுதினான். நான் மருமகளுக்குப் போன் போட்டு ஒவ்வொரு சொல்லாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் அவள் எழுந்தாள். காசு மறுபடி காலுறைக்குள் போயிற்று.

பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "அக்கா, அந்த மேற்பார்வைக்காரி இன்னும் உசிரோட இருப்பாளா?"

"எதுக்குடி?"

"இருந்தா அவளையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துரலாம்."