பிரிட்ஜில் கிடந்த இரண்டாவது ஸ்வாப்

மைக்ரோஸ்கோப்பை ஒரு கண்ணால் பார்ப்பது என் பழைய பழக்கம். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வேலை பார்த்த கதை இது. எங்கள் ஆஸ்பத்திரி லெப்புக்குப் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

ஜெசீமா காத்தான்குடியில் கைத்தறி நெய்பவர். இடது கண்ணில் சிறுவயதிலேயே பார்வை குறைவு. இப்போது வலது கண் சிவந்து வீங்கியிருந்தது. கண் டொக்டர் கருவிழியைச் சுரண்டி, ஒரு கண்ணாடிச் சிலைடும், ஸ்வாப் என்கிற பஞ்சுக்குச்சி இரண்டும் லெப்புக்கு அனுப்பினார். ஒரு ஸ்வாப் பக்டீரியாவுக்கு. மற்றது வைரசுக்கு; அது ஐஸ் பெட்டியில் கொழும்புக்குப் போகவேண்டும். பெட்டி கிழமைக்கு ஒரு தரம்தான் போகும்.

“சேர், இது ஒரு நோவில்ல,” என்றார் அவற்றோடு லெப்புக்கு வந்த ஜெசீமா. “மேல உறுத்துறது வேற, உள்ளுக்க குடையிறது வேற. ரெண்டு நூல் சிக்கின மாதிரி இரிக்கி.”

“கண்ணுக்குள்ளயும் தறி போட்டிருக்கிறீங்களா தங்கச்சி?”

அவர் சிரிக்கவில்லை. “மனுசன் கட்டார்ல வேலை. வீடியோ கோல்ல புகையாத்தான் தெரியிறாரு. வாற மாசம் லீவுல வாறாரு. வடிவாப் பாக்கணும் சேர்.”

சிலைடில் கொத்துக் கொத்தாகப் பக்டீரியா. கள்ளனைப் பிடித்த பொலிஸ்காரன் போல எனக்குப் பெருமை. ஆள் அகப்பட்ட பிறகு இன்னொரு விசாரணை எதற்கு என்று, பெட்டி புறப்பட்டபோது இரண்டாவது ஸ்வாபை பிரிட்ஜிலேயே விட்டேன். டொக்டரிடம் கேட்கவும் இல்லை.

அடுத்த கிழமை டொக்டர் லெப் வாசலில் நின்றார். “பக்டீரியா மருந்துக்குப் பூளை நிண்டிட்டு, உள்வீக்கம் நிக்கல்ல. ஸ்டீரொயிட் விடணும். வைரஸ் இருக்கக்குள்ள தனிய விட்டா கண்ணையே திண்டிரும். வைரஸ் ரிப்போர்ட் எங்க?”

பிரிட்ஜைத் திறந்து காட்டினேன். “பக்டீரியா கிடைச்சிட்டுத்தானே மேடம்...”

“ஒண்டு வந்தா மற்றது வரமாட்டன் எண்டு உங்களிட்டச் சொல்லிச்சா?”

அன்றே புது ஸ்வாப் எடுத்து ஆள் மூலம் அனுப்பினோம். கொழும்பிலிருந்து ரிப்போர்ட் வந்தது: ஹெர்பிஸ் வைரஸ். அது போட்ட புண்ணில்தான் பக்டீரியா குடியேறியிருந்தது. முதலில் வைரஸ் மருந்து, அதன் காவலில் ஸ்டீரொயிட் சொட்டு. கண் தப்பியது. கருவிழி ஓரத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தழும்பு. அதில் நான் வீணாக்கிய ஒரு கிழமையின் பங்கு எவ்வளவு என்று டொக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சில மாதம் கழித்து ஜெசீமா கிளினிக்குக்கு வந்தார்.

“உங்கட ஸ்வாபை அனுப்பாம விட்டது நான்தான் தங்கச்சி.”

“தெரியும் சேர். ரெண்டு நோவு எண்டு சொன்னன்தானே.”

“மனுசனப் பாத்தீங்களா?” என்றேன்.

“பாத்தன். லீவு முடிஞ்சி போயிட்டாரு.” தழும்பு விழுந்த கண்ணைச் சேலை முந்தானையால் ஒற்றிக்கொண்டார். “புகையா இரிக்கக்குள்ள கலியாணம் முடிச்ச வயசிலயே இருந்தாரு சேர். தெளிஞ்சாப் பொறகுதான் கண்டன், தாடியெல்லாம் நரைச்சிட்டு. இப்ப போன்ல ஒவ்வொரு நரையா எண்ணிட்டிருக்கன்.”

இப்போதெல்லாம் ஒரு கிருமியின் பெயரை எழுதியதும் பேனையை வைத்துவிட்டு எழுந்துபோய் பிரிட்ஜைத் திறந்து பார்க்கிறேன். நோயாளி ரெண்டு என்று சொன்னால், ரெண்டு என்றே எழுதிக்கொள்கிறேன்.