பாஞ்சாலியின் முதல் கூடை

இண்டூர் பாஞ்சாலிக்கு ரோடு போடுகிற இடத்தில் மேஸ்திரி வேலை கிடைத்ததும், அவளுக்கு நிழலில் நிற்கத் தெரியவில்லை என்றுதான் முதல் புகார் வந்தது. அந்தக் காலத்து மேஸ்திரி என்றால் மரத்தடியில் வெற்றிலை குதப்பிக்கொண்டு, குனிந்த முதுகுகளை அதட்ட வேண்டும். மண்ணைத் தொட்டால் மரியாதை போய்விடுமாம்! பாஞ்சாலியோ தலையில் சும்மாடு சுற்றிக்கொண்டு ஆட்களோடு ஆளாக மண் வெட்டும் குழிக்குள் இறங்கினாள். வேலைக்கு வந்தவர்களுக்கே கூச்சமாக இருந்தது.

"மேஸ்திரியே கூடை தூக்கினா நம்மள எவன் மதிப்பான்?" என்று முனகினான் சென்னப்பன். கடப்பாரை பிடிப்பவர்களில் அவன்தான் பலசாலி. மேஸ்திரி வேலை தனக்கு வரும் என்று நம்பியிருந்தவன்.

"மதிக்கிறவன் கூடைய எறக்க ஒரு கை குடுப்பான். எனக்கு அது போதும்" என்றாள் பாஞ்சாலி.

அவள் புருஷன் பச்சியப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று. நிறைமாத வயிற்றோடு ஏரிக்கரையில் மண் சுமந்தவளைப் பார்த்து, நிழலில் நின்ற மேஸ்திரி ஒருவன், "என்ன, அன்னநடை நடக்கிற?" என்று கேட்டான். அன்று வந்த ஆத்திரம் அவளுக்கு ஆயுசுக்கும் ஆறவில்லை. ஆறாமல் இருந்ததும் நல்லதுதான்.

அந்த ஆத்திரத்தில் பிறந்ததுதான் முதல் கூடைப் பழக்கம். காலையில் முதல் கூடையை அவள்தான் சுமப்பாள். அதை ரோட்டில் கொட்டிவிட்டு அவள் திரும்பும்வரை வேறு யாரும் கூடையைத் தொடமாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை, பழகிப் பழகி அப்படி ஆகிவிட்டது. குழி எவ்வளவு ஆழமானாலும், அவள் கால் வைத்த இடத்தில் கால் வைக்க ஒருவரும் யோசித்ததில்லை.

சண்டைக் காலம் வந்தது. ராணுவ லாரிகள் ஓடி ஓடித் தொப்பூர் ரோடு குண்டும் குழியுமாகிவிட்டது. அதைச் சீக்கிரம் நிரவ வேண்டும் என்று காண்டிராக்டர் கிருஷ்ணப்பனுக்கு மேலிடத்து நெருக்கடி. சரளை மண் வெட்டுவதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. குழியின் சுவரை அடியில் குடைந்துகொண்டே போனால், மேலே இருக்கிற மண் தானாகச் சரியும். சரிகிறபோது கீழே யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்காது. காண்டிராக்டர்களும்தான் பார்ப்பதில்லை. கிருஷ்ணப்பனும் குழியை அப்படித்தான் குடையவைத்திருந்தான்.

ஒருநாள் இரவு நல்ல மழை கொட்டி ஓய்ந்திருந்தது. விடிந்ததும் பாஞ்சாலி குழிமேட்டில் நடந்து பார்த்தாள். விளிம்பை ஒட்டி, பாதம் நுழையும் அளவுக்கு நிலம் பிளந்து கிடந்தது.

"அடியில யாரும் போவக் கூடாதுங்க. வெடிப்புக்கு இந்தாண்ட நின்னு கடப்பாரையால நெம்பி மண்ணக் கீழ தள்ளிட்டு, மேலருந்து படிபடியா வெட்டிக்கலாம்" என்றாள்.

"அதுக்கெல்லாம் நேரமில்ல" என்ற கிருஷ்ணப்பன் அதட்டவில்லை. ஆள் கெட்டிக்காரன். தானே ஒரு கூடையை எடுத்துச் சிரித்தபடி அவளிடம் நீட்டினான். "மொதக் கூடை ஒன்னுதுதான பாஞ்சாலி? நீ எறங்கு. எல்லாம் பின்னாலயே எறங்கிடும்."

பாஞ்சாலிக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பெருமை என்று இத்தனை நாளும் அவள் நினைத்திருந்தது, இவன் கையில் மூக்கணாங்கயிறாக இருந்திருக்கிறது! மறுத்தால் வேலை போகும், பிள்ளைகளின் களிச்சட்டி காயும். இறங்கினால் பின்னால் நிற்கிற அத்தனை பேரும் ஒரு கேள்வி கேட்காமல் அந்தச் சுவருக்கு அடியில் வந்து நிற்பார்கள்.

கூடையை வாங்கினாள். தரையில் கவிழ்த்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவளுக்குப் பின்னால் கூடைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன.

கிருஷ்ணப்பனின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "இனிமே நீ மேஸ்திரி இல்ல! சென்னப்பா, இன்னியிலருந்து நீதான் மேஸ்திரி. எறக்குடா ஆளுங்கள!"

எல்லோரும் சென்னப்பனைப் பார்த்தார்கள். பாஞ்சாலியும் பார்த்தாள். அவன் ஆசை அவளுக்குத் தெரியும். அவன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னே வந்தான்.

"நெசமாவே நான்தான் மேஸ்திரிங்களா?"

"நீதான்டா!"

"அப்ப நான் சொல்றதத்தான் எல்லாரும் கேக்கணும். எல்லாரும் குந்துங்க!" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை மண்ணில் குத்தி, தானும் குந்தினான்.

சிரிப்பு கொல்லென்று கிளம்பியது. கிருஷ்ணப்பன் கத்தினான்: "பயந்தாங்கொள்ளிப் பசங்களா! மண்ணு கல்லாட்டம் நிக்குது. ஒண்ணும் ஆவாது!"

பாஞ்சாலி எழுந்தாள். உட்கார்ந்திருந்த கூடையை எடுத்து அவனிடமே நீட்டினாள்.

"அப்ப நீங்க எறங்குங்க. நீங்க எங்க கால் வெக்கிறீங்களோ, அங்க நாங்க அத்தன பேரும் கால் வெக்கிறோம்."

இத்தனை பேர் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வான்? கூடையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு சரிவில் இறங்கினான். குடைந்த சுவருக்குப் பக்கத்தில் போனதும் அண்ணாந்து பார்த்தான். ஒரு சரளைக்கல் உருண்டு வந்து அவன் பூட்சில் பட்டது. அவ்வளவுதான், கூடையை அங்கேயே போட்டுவிட்டு மேலே ஓடிவந்தான்.

பாஞ்சாலி வழியை விடாமல் அவன் முன்னால் நின்றாள்.

"ஒங்களுக்கும் தெரியுது. தெரிஞ்சுதான் எங்கள எறங்கச் சொல்லியிருக்கீங்க."

அவன் ஒதுங்கிக்கொண்டான். அவள் கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொண்டு, வெடித்த மண்ணை மேலிருந்து நெம்பித் தள்ள மேட்டின்மேல் ஏறினாள், சென்னப்பன் பின்னாலேயே போனான்.