எண்ணெய்ச் செடியின் மொட்டு

1953 ஜனவரி 11, ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஆறு மணிக்குத் துறைமுக வேலைக்குப் போனார். அம்மா நெத்திலி கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள். சித்தி கோலம் போட்டு முடித்து, ஜன்னலில் இருந்த எண்ணெய்ச் செடியின் தட்டில் மழைத்தண்ணீர் ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவள் போனதும் நான் அந்தத் தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஒரு மாதமாக இதைத் தவறாமல் செய்துவந்தேன்.

சித்தப்பா கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலையில் இருந்தார். கப்பல் டாக்டர் தம் அறையில் வளர்த்த செடியிலிருந்து ஒரு கன்றை வாங்கி வந்தார். உள்ளங்கையளவுச் செடி. எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் இலை. அதில் உட்கார்ந்த சிறு பூச்சி எழுந்திருக்காது. சில நாளில் வெறும் கறையாகிவிடும். ராயபுரத்தில் அதற்குப் பெயர் இல்லை. நாங்கள் வைத்ததுதான் எண்ணெய்ச் செடி.

புறப்படும்போது சித்தப்பா சித்தியிடம் சொன்னார்: "கொழா தண்ணி வேணாம், மழைத்தண்ணிதான். பனிக்காலத்துல தட்டைக் காய வுடு. அப்பதான் பூக்கும். அது பூக்கசொல்ல நான் இங்க இருப்பேன்."

அவர் கடிதம் நின்று பதினான்கு மாதம் ஆகியிருந்தது. கப்பல் கம்பெனியில் விசாரிப்பதாகச் சொன்னார்கள். தெருப் பெண்கள் சித்தியின் நெற்றிப் பொட்டைப் பார்ப்பார்கள். அவள் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்துவார்கள்.

முந்தைய பனிக்காலத்தில் செடி பூக்கவில்லை. காரணத்தை நான் கண்டுபிடித்தேன். தகரக் கூரையிலிருந்து ஜாடிகளில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைச் சித்தி மார்கழியிலும் தாராளமாக ஊற்றினாள். உலைக்கு அரிசி அளப்பதில்கூடப் பிசகாதவள் இதை மறந்துவிட்டாளே என்று வருந்தினேன். சொன்னால் சங்கடப்படுவாள் என்று நானே திருத்தினேன்.

அன்று மதியம் இலைகளின் நடுவே நூல்போல் ஒரு காம்பையும், நுனியில் தலைகுனிந்த ஊதா மொட்டையும் பார்த்தேன். "சித்தப்பா வரப்போறாரு!" என்று தெருவுக்கு ஓடினேன்.

எதிர்வீட்டு மீன்காரம்மா கூடையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாடி இது, பூச்சி துன்ற செடி மூக்குத்தி போட்டுகினு கீது! ஏம்மா, வூட்டுக்காரருக்கு ஒரு வஞ்சிரம் எடுத்து வெக்கட்டா?" என்று சித்தியைக் கேட்டாள்.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி கேட்டாள்: "விரியறதுக்கு இன்னும் எத்தினி நாளு ஆவும்?"

சித்தி ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

மாலையில், விளக்கேற்றும் முன், அவள் ஜன்னலருகே போய் அந்த மொட்டை நகத்தால் கிள்ளினாள். நான் வீடே அதிர அழுதேன். "ஏன் சித்தி கிள்ளினே?"

"அவுரு வரட்டும்டி கண்ணு. அப்பால பூக்கட்டும்." முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு விளக்கேற்றப் போனாள்.

மறுநாள் திங்கட்கிழமை. எழுந்ததும் சித்தி கோலப்பொடியை எடுக்கவில்லை. முதலில் ஜாடியைச் சாய்த்து, தட்டின் விளிம்புவரை மழைத்தண்ணீர் ஊற்றினாள். பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த நான், சித்தப்பா சொன்னதை இவள் மறுபடியும் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.