அர்ச்சனைத் தட்டில் கோழி இறகு

மலேசியாவில், கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் பதினாறு வருடம் பிளாஸ்டிக் வார்த்தவள் பிரேமாவதி. தொழிற்சாலை இடம் மாறியபோது ஒரு கடிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணை வேறு எவன் வேலைக்கு எடுப்பான்? கரங்கானில் என் கடைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை பிடித்து, பழைய பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம் ஒன்றைப் போட்டாள். பாசார் சந்தையில் கோழி உரிப்பவர்கள் கொட்டும் இறகை அள்ளிவந்து, சோப்புத் தண்ணீரில் அவித்து, காயவைத்து, தண்டை நீக்கிப் பஞ்சாக அரைத்து, உருக்கிய பிளாஸ்டிக்கில் கலந்தாள். அவள் வார்த்த தட்டின் மேல் நானே ஏறி நின்று பார்த்தேன்; உடையவில்லை.

ஆனால் வாங்கத்தான் ஆளில்லை. எட்டு மாதம் வாடகை வராமல் பொறுத்துப் பார்த்த கொட்டகை முதலாளி, மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டான்.

அப்போதுதான் மாரியம்மன் கோயில் தலைவர் சுகுமாரன் வந்தார். திருவிழாவுக்கு ஐந்நூறு அர்ச்சனைத் தட்டு வேண்டும். மாதிரித் தட்டில் அவள் ஒட்டியிருந்த ‘இயற்கை நார் கலந்தது’ என்ற சீட்டைப் படித்துப் பூரித்துப்போனார்.

“தென்னை நாருதானம்மா? பூவோட சேர்ந்த நாரும் மணக்கும்பாங்க.”

நார் என்றால் நமக்குத் தென்னையும் வாழையும்தான். தொழிற்சாலையில் எல்லாவற்றுக்கும் ஃபைபர் என்றே பேர்; அதைத்தான் அவள் தமிழில் எழுதினாள், ஏமாற்ற எழுதவில்லை. அன்றைக்கே இறகு என்று சொல்லியிருக்கலாம், பாவி.

“ஆமாண்ணே,” என்றாள்.

திருவிழாவின் முதல் நாள் காலை. யாரோ தேங்காய் மேல் ஏற்றிய கற்பூரம் சரிந்து தட்டில் விழுந்தது. தட்டு கருகிப் புகைந்தது. பிளாஸ்டிக் நாற்றத்தையும் மீறி இன்னொரு வாடை.

“யாருடா கோயிலுக்குள்ள கோழி வாட்டுறது?” என்று ஒருவர் கத்தினார். ரப்பர் தோட்டத்தில் பிறந்த மூக்குக்குக் கோழி இறகு கருகும் வாடையைச் சொல்லியா தர வேண்டும்?

மத்தியானம் சுகுமாரன் தட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்.

“இது என்ன நாரும்மா?”

“கோழி இறகுண்ணே. அவிச்சுக் கழுவுனது, சத்தியமா சுத்தம். எனக்கு வேற வழி தெரியலண்ணே.”

அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“இறகுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா முனியாண்டி கோயிலுக்குக் கை காட்டியிருப்பேன் லா. அங்க கோழியே வெட்டுறாங்க. எழுநூறு தட்டு வேணும்னு அந்தக் கோயில் தலைவர் அம்மாசி அண்ணன் என்னையத்தான் கேட்டுக்கிட்டிருந்தாரு.”

பிரேமாவதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “இப்பவாச்சும் அவர்கிட்ட சொல்லுங்கண்ணே. இறகுன்னே எழுதி ஒட்டுறேன்.”

சுகுமாரன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

“எழுதி என்னம்மா செய்ய? இனிமே நீ நெசத்தச் சொன்னாலும் எவன் நம்புவான்?”