முருகையன் வீட்டில் கேட்காத சத்தம்

மைக்கை ஊதிப் பார்க்கிறவர்களை முருகையனுக்குப் பிடிக்காது. "அது இன்னா பலூனா?" என்பார். அவர் விரல் முட்டியால் இரண்டு தட்டு தட்டுவார். வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "அலோ" என்பார். ஒரே ஒரு முறைதான். உடனே மேடைக்கு அடியிலிருந்தோ ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாலிருந்தோ ஒரு செவலை நாய் எழுந்து வந்து அவர் காலருகே நிற்கும். அதன் பெயரே அலோதான்.

அடி அண்ணாமலையில் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் மைக்செட் முருகையனுடையது. ஆள் மெலிந்த உடம்பு, ஐம்பத்திரண்டு வயது. எந்தக் கயிற்றைப் பார்த்தாலும் முழங்கைக்கும் கட்டை விரலுக்கும் நடுவே போட்டுச் சுற்றிவிடுவார். மனைவி வேதா துணி காயப் போடும் கொடி, கல்யாண வீட்டில் மிஞ்சிய பூச்சரம், எதுவும் தப்பாது. டீ குடிக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் டம்ளரை நான்கு விரல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார். மெதுவாகத்தான் பேசுவார். "சத்தம் போடத்தான் பொட்டி இருக்குதே, நான் வேற இன்னாத்துக்கு?" என்பார். முப்பது வருடக் குழாய் ஸ்பீக்கரில் இடது காது மந்தமாகிவிட்டது. முக்கியமான பேச்சென்றால் வலது காதைத் திருப்புவார்.

என் தையல் மிஷினுக்கு எதிரே உள்ள ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டு வாசல். ஆறு வருடமாக அவரையும் நாயையும் பார்த்துக்கொண்டே ஜாக்கெட் தைக்கிறேன்.

அலோ வந்தது ஒரு பௌர்ணமியில். கிரிவலப் பாதையில் காணாமல் போனவர்களைக் கூப்பிடுவதற்குப் போட்டிருந்த மைக்கை அவர் சரிபார்க்கிறார். அலோ என்றதும் கூட்டத்தின் கால்களுக்கு நடுவிலிருந்து ஒரு குட்டி ஓடி வந்து அவர் செருப்பின் மேல் உட்கார்ந்துகொண்டது. குழந்தைகளுக்குச் சொல்வதைப் போலவே அதற்கும் அறிவிப்புச் செய்தார். "செவலக் கலர், முன்னங்கால் வெள்ள. யாரோடதுன்னாலும் மைக்செட்டாண்ட வந்து வாங்கிக்குங்க." மூன்று முறை சொல்லியும் யாரும் வரவில்லை. விடிந்ததும் லோடு ஆட்டோவின் முன் சீட்டில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அன்றிலிருந்து அது வளர்ந்ததே சத்தத்தில்தான். தவில் வாசிக்கும்போது ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழே குப்புறப் படுத்துத் தூங்கும். ஆயிரம் வாலா வெடித்தால் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட நாய் கடந்த மாசி மாதத்தில் சொந்த வீட்டைக் கண்டு பயப்பட ஆரம்பித்தது.

வாசற்படி வரைக்கும் வரும். காது இரண்டும் பின்னால் போய்த் தலையோடு ஒட்டிக்கொள்ளும். உடம்பு நடுங்கும். தூக்கிக்கொண்டு போய் உள்ளே விட்டால் எச்சில் ஒழுகக் கதவைப் பிறாண்டும், நின்ற இடத்திலேயே ஈரம் பண்ணும். அந்த வாரம்தான் ஒரு கல்யாணத்தில் மேடைக்கு மிக அருகே வெடி வைத்திருந்தார்கள். "அதுலதான் பயந்துகிச்சு. என் தப்பு" என்று முருகையன் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். இனி வேலைக்குக் கூட்டிப்போவதில்லை, வீட்டில் அமைதியாக இருக்கட்டும் என்று உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவின் அடிப்பக்கம் முழுக்க நகக் கீறல். முன்னங்கால் நகத்தில் ரத்தம்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள், வீட்டுக்குள்ளே ஏதோ நடமாடுகிறது, அது நாய்க்குத்தான் தெரியும் என்று சொல்லி நிலையில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டவைத்தார். ஆசிரமத்துப் பக்கம் விடுதி பார்த்துக்கொள்ளும் ஒருவர், மெல்லிய இசை போட்டால் மனம் அடங்கும் என்றார். முருகையன் சின்னப் பெட்டி ஒன்றை வாசலில் வைத்து இரண்டு மணி நேரம் புல்லாங்குழல் போட்டார். நாய் படியைத் தாண்டவில்லை.

"கட்டிக்கினு வந்து இருபத்தஞ்சு வருசம் ஆவுது, எனக்குனு ஒரு பாட்டு போட்டதில்ல. நாய்க்கு கச்சேரி வெக்கிறாரு" என்றார் வேதா.

வேதாவுக்கு நாய் மேல் கோபமில்லை. மகள் கீதாஞ்சலிக்கு வளைகாப்பு முடிந்திருந்தது. பத்து நாளில் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரப்போகிறாள். நடுங்கிக்கொண்டு வீடெல்லாம் ஈரம் பண்ணும் நாயை வைத்துக்கொண்டு பச்சைக் குழந்தையை எங்கே போடுவது? செங்கம் ரோட்டுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஆதிமூலம், மோட்டார் கொட்டகைக்குக் காவலாகச் சங்கிலியில் கட்டிப்போட ஒரு நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் வேதா. முருகையன் ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த ஒயரைப் பிரித்து மறுபடியும் சுற்றினார்.

ஆனால் மறுநாளே அலோவை ஆட்டோவில் ஏற்றி டவுனில் கால்நடை மருத்துவர் அபிநயாவிடம் காட்டினார். டாக்டர் நாயின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "உங்க காதவிட இது நல்லா இருக்குதுங்க" என்றாராம். மருந்து கேட்டிருக்கிறார் முருகையன். "மருந்து தரலாம். எதுக்குப் பயப்படுதுனு மொதல்ல பாருங்க. எந்த இடம், எந்த நேரம், அப்ப வீட்ல என்ன நடக்குது. மூணு நாள் கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க. நாய் சும்மா பயப்படாது."

இதை வாசலில் நின்று வேதாவிடம் அவர் சொல்வது என் ஜன்னலுக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நானும் அலோவை இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

திங்கட்கிழமை மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் நின்றது. மிஷின் மோட்டார் ஓடாததால் ஜாக்கெட்டுக்குக் கையால் ஊக்கு வைத்துத் தைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முருகையனும் வேதாவும் வெளியே போயிருந்தார்கள், கதவு வெறுமனே சாத்தியிருந்தது. வாசலோரம் கிடந்த அலோ எழுந்தது. படிக்குப் போய் மோந்து பார்த்தது. மூக்கால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனது. போய், நடுக் கூடத்தில் நான்கு காலையும் மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்கியது. இரண்டு மணிக்கு என் மிஷினில் விளக்கு எரிந்தது. நான் பெடலில் கால் வைப்பதற்குள் அலோ வெளியே ஓடி வந்துவிட்டது.

எனக்கு யாரையும் கூப்பிட்டுப் பேச வராது. சாயங்காலம் முருகையன் பெட்டிகளை இறக்கி முடிக்கும்வரை மதிலுக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தேன். அப்புறம்தான் சொன்னேன். "அண்ணா, கரண்ட் இல்லாதப்ப அலோ உள்ள போயி நல்லா தூங்குச்சு. கரண்ட் வந்ததும் ஓடியாந்துச்சு."

அவர் வலது காதைத் திருப்பினார். "இன்னொரு வாட்டி சொல்லு தங்கச்சி."

சொன்னேன். பாதி சுற்றிய ஒயர் அவர் முழங்கையிலேயே தொங்கியது.

"அப்ப பயம் வெடியில இல்ல" என்றார். "லைன்ல இருக்குது."

செட்டில் கொர்ரென்று இரைச்சல் வந்தால் முருகையன் ஆம்ப்ளிபயரைத் தட்ட மாட்டார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வருவார். மைதானத்தின் அந்தக் கடைசியில் ஒருவர் நின்று இரைச்சல் வந்ததும் கையைத் தூக்குவார். கை எப்போது எழுகிறதோ அப்போது மாட்டியதுதான் குற்றவாளி. செவ்வாய்க்கிழமை காலை அந்த வேலைக்கு வேதாவை நிலைப்படியில் உட்காரவைத்தார்.

"நாயப் புடிச்சுக்கோ. காது பின்னாடி போச்சுன்னா கையத் தூக்கு."

"என் தலையெழுத்து" என்றார் வேதா. ஆனால் உட்கார்ந்தார்.

மெயினை இறக்கினார். அலோ மூக்கை நீட்டி உள்ளே பார்த்தது, வாலை ஒரு ஆட்டு ஆட்டியது. கண்ணில் பட்ட சுவிட்சுகளை எல்லாம் அணைத்தார். ஃப்ரிட்ஜ், டிவி, மிக்சி, ஃபேன், எல்லாம். மெயினை மட்டும் மேலே ஏற்றிவிட்டு ஃப்ரிட்ஜ் பக்கம் போகத் திரும்பினார். வேதாவின் கை அதற்குள் மேலே போயிருந்தது.

"இன்னும் ஒண்ணுமே போடலியே."

"போடலன்னா இது ஏன் நடுங்குது? தோ, காத பாருங்க."

மெயினை இறக்கினார். காது நிமிர்ந்தது. ஏற்றினார். காது படுத்தது. மூன்றாம் முறையும் அப்படியே. கணக்கில் வராத ஏதோ ஒன்று வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. முருகையன் சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே போய் ஆம்ப்ளிபயர் அலமாரிக்குப் பின்னால் தலையை விட்டார். கொஞ்ச நேரம் காலிரண்டும்தான் வெளியே தெரிந்தன. பிறகு உள்ளேயிருந்து, "அடக் கடவுளே, மாப்ள" என்று குரல் கேட்டது.

கையளவு வெள்ளை டப்பா, நடுவில் நீல விளக்கு. சத்தத்தாலேயே எலி விரட்டும் மிஷின். செட்டு ஒயரையெல்லாம் எலி கடித்துப் போடுகிறது, குழந்தை வரும் வீடு என்று மருமகன் பிரசாத் மாசி மாதம் வாங்கி அனுப்பியது. முருகையன் அன்றைக்கே சொருகி, வலது காதை வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒரு சத்தமும் இல்லை. டூப்பு என்று முடிவு கட்டிவிட்டார். எலியும் அசரவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை கொடுத்ததைக் கழற்றிப் போட்டால் நன்றாக இருக்காது என்று அப்படியே விட்டுவிட்டு மறந்துபோனார்.

அதைப் பிடுங்கினார். வேதாவின் கை தானாக இறங்கியது.

அத்தோடு விட அவருக்கு மனம் வரவில்லை. நாட்டிய நிகழ்ச்சிக்குப் போடும் நுணுக்கமான மைக் ஒன்று வைத்திருக்கிறார். அதை மிக்சரில் மாட்டி, அலோவைத் தெருக்கோடியில் கட்டிவிட்டு வந்து, டப்பாவை வாசலில் சொருகி மைக்கை அதன் முன்னால் பிடித்தார். வேதா, சந்திரம்மாள், நான், மூவரும் குனிந்து பார்த்தோம். எங்கள் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் மிக்சரில் பச்சை விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி நின்றன. டப்பாவை அணைத்தார். மூன்றும் இறங்கின.

சந்திரம்மாள் நிலையில் தொங்கிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்.

"முப்பது வருசமா சத்தத்துலயே கெடக்குறேன்" என்றார் முருகையன். "என் வூட்லயே ஒருத்தன் ராவும் பகலும் கத்திக்கினு இருந்திருக்கான். இவனுக்கு மட்டும்தான் கேட்டிருக்குது. நான் இவன அதுகூட வெச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கேன்."

சத்தம் போய்விட்டது, பயம் உடனே போகவில்லை. முருகையன் அவசரப்படவில்லை. சோற்றில் வேகவைத்த ஈரலைப் பிசைந்து படிக்கு வெளியே தட்டை வைத்தார். அடுத்த வேளை படியின் மேல். அதற்கடுத்த வேளை ஒரு சாண் உள்ளே. தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒயர் சுற்றினார். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. அலோ ஒரு காலை உள்ளே வைக்கும், எடுத்துவிடும். "சரி, உன் இஷ்டம்" என்பார்.

வெள்ளிக்கிழமை ஆதிமூலம் கையில் சங்கிலியோடு வந்தார். அலோ நிலைப்படியில் படுத்திருந்தது. முன்பாதி வீட்டுக்குள், பின்பாதி தெருவில்.

"நாயி இல்லண்ணா" என்றார் வேதா. "காப்பி குடிச்சுட்டுப் போங்க."

"இன்னாம்மா இது, பாதிதான உள்ள இருக்குது?"

"மீதி நாளைக்கி வரும்."

மீதி மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. நேராக நடுக் கூடத்துக்குப் போய், நான்கு காலையும் தூக்கிக்கொண்டு மல்லாந்தது. வேதா அதைத் தாண்டித்தான் அடுப்பங்கரைக்குப் போனார். போகும்போது, "மகாராஜா, வழி வுடு" என்றார்.

அந்தப் பௌர்ணமிக்கு அலோ ஆட்டோவின் முன் சீட்டில் ஏறிப் போனது. முருகையன் இரண்டு தட்டு தட்டி அலோ என்றதும் வந்து காலருகே நின்றது. விடியவிடிய மைக் அலறியது. அது தூங்கியது.

போன வாரம் கீதாஞ்சலி நிறைவயிறோடு வந்து இறங்கினாள். அலோ அவள் புடவையை மோந்துவிட்டு அவள் கட்டிலுக்கு அடியில் இடம் பிடித்துக்கொண்டது. கூட வந்த பிரசாத், மாமனார் வீட்டுக்குப் பெட்டி பெட்டியாகச் சாமான் இறக்கினார்.

"மாமா, அந்த எலி மிஷின் எப்படி வேலை செய்யுது?"

வேதா சட்டென்று அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

"பிரமாதமா செய்யுது மாப்ள" என்றார் முருகையன். "நம்ம செட்டுலயே போட்டுப் பாத்துட்டோம்."

பிரசாத்துக்கு மகிழ்ச்சி. இன்னொரு அட்டைப் பெட்டியைப் பிரித்து, குழந்தைக்குக் கொசு வராமல் இருக்க, இதுவும் அதே கம்பெனிதான் என்று சொல்லி, வட்டமாக ஒரு மிஷினை எடுத்தார். முருகையன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிளக்கைச் சொருகினார். சுவிட்சின் மேல் விரலை வைத்தார். அழுத்தவில்லை. கட்டிலின் பக்கம் திரும்பி, மெதுவாக, "அலோ" என்றார்.

நாய் தலையைத் தூக்கியது. அவர் அதன் காதுகளைப் பார்த்துக்கொண்டே சுவிட்சை அழுத்தினார்.